முழுப் பேரு என்ன தம்பி?

வடநாட்டுக்காரர்களைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். சர்மா, மிஸ்ரா, யாதவ், அகர்வால் என்று சாதியைப் பெயருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறார்களே, கூச்சமாக இருக்காதா என்று கேட்போம். "எங்க ஊர்ல பாருங்க, ஒரு இனிஷியல், ஒரு பேரு, கதை முடிஞ்சுது" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். டெல்லிக்கு ரயிலேறுகிற தமிழன் இட்லிப் பொடியை மறந்தாலும் மறப்பான், இந்தப் பெருமையை மறக்க மாட்டான்.

பெருமைப்பட நியாயம் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். ஈ.வெ. ராமசாமி அதற்கு முன்பே தம் 'குடி அரசு' இதழில் நாயக்கரைக் கழற்றி வைத்துவிட்டார். படித்தவர்கள், மேடையேறியவர்கள், பிறகு கடைக்காரர்கள், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று இரண்டு மூன்று தலைமுறைக்குள் வால் உதிர்ந்தது. சட்டம் போட்டு, போலீஸ் வைத்து நடந்த காரியமல்ல. ஜனங்கள் தாங்களாகவே வெட்கப்பட்டுக் கைவிட்டது.

அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். தி.நகர்ப் பாண்டி பஜார் அவர் பெயரால் வந்ததுதான். சாதிப் பட்டத்தைத் தூக்கியெறியச் சொன்ன மாநாட்டின் தலைவர். இன்று அவரைத் தேடிப் பாருங்கள். முக்கால்வாசி இடங்களில் 'நாடார்' என்று சேர்த்துத்தான் கிடைப்பார். உயிரோடு இருக்கும்வரை மனிதன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளலாம். செத்த பிறகு அது சாதிச் சங்கத்தின் பொதுச் சொத்து.

சரி, பெயரிலிருந்து வால் போய்விட்டது. எங்கே போயிற்று? அதைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் போக வேண்டும். என் நண்பரின் மகன் போனான். நல்ல படிப்பு, நல்ல வேலை, கையில் முன்பணமும் தயார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. வாசலில் துளசி மாடம், கூடத்தில் திருவள்ளுவர் படம், பேச்சில் பாலும் தேனும்.

"பேரு என்ன தம்பி?"

"பிரவீன், சார்."

"முழுப் பேரு?"

"ம. பிரவீன்குமார்."

"ம-ன்னா?"

"மாடசாமி. அப்பா பேரு."

"ஓ." (இந்த ஓவைத் தமிழ் இலக்கணத்தில் எங்கேயும் சேர்க்கவில்லை. ஆனால் கேட்டவனுக்குப் புரியும்.) "சொந்த ஊரு?"

"திருநெல்வேலி பக்கம்."

"பக்கம்னா?"

"சங்கரன்கோவில் போற வழியில, சார்."

"அடடே, அந்தப் பக்கம் நமக்கு வேண்டியவங்க நிறையப் பேர் இருக்காங்களே. ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?"

"பஸ் ஸ்டாப்புலேர்ந்து கொஞ்சம் உள்ள போகணும் சார்."

"காலனிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பையன் சிரித்து மழுப்பியிருக்கிறான். பிறகு குலதெய்வம் எது, அப்பா என்ன வேலை, காலேஜில் ஸ்காலர்ஷிப் கிடைத்ததா, வீட்டில் கவிச்சி சமைப்பீர்களா என்று வரிசையாக வந்தது. எல்லாம் அன்பாக. போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்து, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டாராம். "அண்ணன் பையன் துபாய்லேர்ந்து வர்ற மாதிரி இருக்கு தம்பி. வரலைன்னா நானே போன் பண்றேன்." துபாய்ப் பையன் எப்படியும் வந்துவிடுவான். இந்த மாநிலத்தில் வீடு கேட்டுப் போகிறவர்களின் கணக்கை எடுத்தால் துபாய் பாதி காலியாகியிருக்க வேண்டும்.

கவனியுங்கள். அந்தப் பெரியவர் சாதி என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. கேட்டால், "எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க" என்று திருவள்ளுவரைக் காட்டுவார். சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும், வேண்டாம் என்று கட்சிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. எதற்கு இந்தச் சிரமம்? சென்னை வீட்டு உரிமையாளர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால் பைசா செலவில்லாமல், உட்பிரிவு உட்பட, ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பிரவீன்குமார் என்ற பெயர் தற்செயலாக வந்ததல்ல. அந்தத் தகப்பன் யோசித்து, யாரும் மோப்பம் பிடிக்க முடியாதபடி தேடிப் பிடித்த பெயர் அது. தென்மாவட்டத்து வகுப்பறைகளில் அஷோக்கும் விக்னேஷும் பிரவீனும் நிறைந்து கிடப்பதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தகப்பன்மார்களின் இந்தக் கணக்கு இருக்கிறது. தன் தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டும், தன் பெயரைப் பேரனுக்கு வைக்க வேண்டும் என்பது தமிழன் மரபு. பேரன் என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்ற பொருளில் வந்தது என்பார்கள். அந்த மரபையே கைவிட்டு, குலதெய்வத்தின் பெயரை விட்டு, எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு பெயரைத் தேடி வைத்தார்கள். ஆனால் முன்னால் அந்த ஒற்றை எழுத்து நிற்கிறதே. நாம் மார்தட்டிக்கொள்கிற அதே இனிஷியல்தான் வீட்டுக்காரருக்கு வாசற்கதவு. "ம-ன்னா?" என்று தட்டினால் திறந்துகொள்கிறது. இனிஷியலைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று 2021-இல் அரசாணை போட்டார்கள். நல்லது, இப்போது விசாரணையும் செந்தமிழிலேயே நடக்கிறது.

பெயர் வைப்பதில் நம் முன்னோர் காட்டிய கருணையையும் சொல்ல வேண்டும். மனுவின் நூல் இரண்டாம் அத்தியாயத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமையான பெயர், வைசியனுக்குச் செல்வம் தொனிக்கிற பெயர், சூத்திரனுக்கு இழிவு தொனிக்கிற பெயர். அதற்கும் கீழே இருந்தவர்களைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. இழிவான பெயரும்கூட ஒரு பெயர்தானே, அதுவும் கிடையாது. நம் ஊர்ப் பெரிய மனிதர்களில் பலர் அந்த நூலின் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காமலேயே வரி பிசகாமல் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

குப்பன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த பிள்ளையெல்லாம் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டியெடுத்து, எமன் கண்ணில் படாமலிருக்கக் குப்புசாமி என்று வைப்பார்கள். பிச்சை என்று வைப்பதும் அதற்குத்தான். எல்லாச் சாதியிலும் உண்டு. அந்தப் பெயரில் இருப்பது ஒரு தாயின் பயம். (பெண் பிள்ளைகளுக்குப் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று வைத்ததில் இருப்பது வேறு, அதைப் பயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.) குப்புசாமி மேலத்தெருவில் பிறந்தால் குப்புசாமி ஐயாவாக வளர்ந்தார். கீழே பிறந்தால் குப்பனாகவே செத்தார். மாடசாமி 'மாடா' ஆனார். முனுசாமி 'முனியா' ஆனார். எழுபது வயதுக் கிழவரைப் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பொடியன் "டேய் மாடா, மாட்டை அவுத்துக் கட்டுடா" என்பான். கிழவர் துண்டை இடுப்புக்கு இறக்கி, "சரிங்க சின்னய்யா" என்பார். சாமியை யார் அறுத்தது? 'ஆர்' விகுதியை யார் பிடுங்கிக்கொண்டது? செங்கல்பட்டில் வாலை வெட்டத் தீர்மானம் போடுவதற்குப் பல நூறு வருடம் முன்பே இவர்கள் பெயரை ஊர் வெட்டி வைத்திருந்தது. பின்னால் ஒட்டிக்கொள்ளப் பட்டம் வேண்டாம், பெற்றவர்கள் வைத்த பெயரை முழுசாகக் கூப்பிட்டால் போதும் என்பதே அவர்களுக்குப் பெரிய கோரிக்கையாக இருந்தது. அந்த மாடசாமியின் பிள்ளையைத்தான் இப்போது "முழுப் பேரு என்ன?" என்று கேட்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்குத் திடீரென்று முழுப் பெயர் மேல் எவ்வளவு அக்கறை!

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க உத்தரவு வந்தது. பெயின்ட் டப்பாவோடு புரட்சி புறப்பட்டது. தி.நகரில் ஒரு நடை நடந்தால் அந்தப் புரட்சியின் தழும்புகளைப் பார்க்கலாம். விஜயராகவாச்சாரி சாலை விஜயராகவா சாலை ஆனது. சாரி மட்டும் காலி. ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை. ஆட்டோக்காரரிடம் 'ஜி.என். சாலை' என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "செட்டி ரோடா?" என்பார். நடேச முதலியார் நினைவில் நடேசன் பூங்கா. பிட்டி தியாகராய செட்டியார் வெறும் 'தி' ஆகி நகர் முழுக்கப் பரவி நிற்கிறார். டாக்டர் நாயர் சாலைக்கு மட்டும் இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது. அதில் வாலை வெட்டினால் 'டாக்டர் சாலை' என்றுதான் மிஞ்சும், நோயாளிகள் வரிசை கட்டிவிடுவார்கள். செட்டியார், முதலியார், நாயர் எல்லாம் யார்? பிராமணரல்லாதார் உரிமைக்காக நீதிக்கட்சியைக் கட்டியவர்கள். சமூகநீதி பேசிய அரசு, சமூகநீதியின் தாத்தாக்களைப் பிடித்து முதலில் மொட்டையடித்தது.

2025 அக்டோபரில் மறுபடியும் அரசாணை. குடியிருப்பு, தெரு, சாலை, குளம் குட்டை என எல்லாவற்றிலிருந்தும் சாதிப் பெயரை நவம்பருக்குள் நீக்க வேண்டும். பதிலுக்குப் பூக்கள், புலவர்கள், தலைவர்கள் பெயர்களை வைக்கலாம். நல்ல ஆணை, நான் எதிர்க்கவில்லை. மை காய்வதற்குள், அதே மாதம் 9-ஆம் தேதி, கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். பெயர்: ஜி.டி. நாயுடு மேம்பாலம். அந்த மனிதர் பெரிய மேதை, அவர் பெயரை வைத்ததில் தவறே இல்லை. 'ஜி.டி. பாலம்' என்று வைத்தால் யாருக்கு ஐயா புரியும் என்று விளக்கமும் சொன்னார்கள். ரொம்பச் சரி. அதே நியாயம் முட்டுச் சந்துக்குச் செல்லாது. முட்டுச் சந்தில் சாதியை ஒழிப்போம், பத்து கிலோமீட்டர் நீளத்தில் அதன் மேல் வண்டி ஓட்டுவோம்.

செத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. பள்ளிப் பாடநூலில் உ.வே. சாமிநாத ஐயர் 'உ.வே. சாமிநாதர்' ஆகியிருக்கிறார் என்று 2021-இல் பெரிய சர்ச்சை கிளம்பியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மீனாட்சி சுந்தரனார். ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடியெடுத்து, ஓர் எழுத்து விட்டுப்போகக் கூடாதே என்று கண் பூக்கப் பதிப்பித்த சாமிநாத ஐயரின் பெயரிலேயே எழுத்தை விட்டுவிட்டுப் பதிப்பித்துவிட்டோம். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் ஐந்து நிமிடம் சொன்னால் பிள்ளைகளுக்கு வரலாறு புரியும். அதைச் சொல்ல வேண்டியவர் சில ஊர்களில் ஸ்டாஃப் ரூமில் தம் சாதிக்காரரோடு மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்கிறார் என்பதுதான் சிக்கல்.

பாடநூலைச் சுத்தம் செய்த கையோடு பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாமா? 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி'. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் 'கள்ளர் சீரமைப்புப் பள்ளி'. ஐயரை எடுத்த அதே அரசு, ஆறு வயதுப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் பள்ளியின் பெயராகச் சாதியை முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெயரில் வாலில்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே வாலாக முளைத்தது. வேலைக்கு நேர்காணல் போனால் "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். இந்தப் பெயர்களை எடுங்கள் என்று நீதிபதி சந்துரு தம் அறிக்கையில் சொன்னார். அந்த அறிக்கை ஏன் எழுத நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெயரைப் பார்த்துச் சாதி தெரியவில்லை என்றால் பதின்மூன்று வயதுப் பையன்கள் என்ன செய்வார்கள்? கயிறு கட்டிக்கொண்டார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று ஆளுக்கொரு நிறம். விக்னேஷ், பிரவீன், அஷோக் என்று பெயரெல்லாம் ஒன்றுபோல ஒலிக்க, எந்த விக்னேஷ் யார் வீட்டு விக்னேஷ் என்று கயிறு சொல்லியது. அப்பன் பெயரில் விட்டதைப் பிள்ளை கையில் கட்டினான். யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், திருவிழாவில் தானாக முளைத்துக் கட்டிக்கொண்டதாம். 2019-இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து இந்தக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை போயிற்று. இது மத நம்பிக்கையில் கை வைக்கிற வேலை என்று கூச்சல் எழுந்தது. உடனே துறை அமைச்சரே, பழைய நிலைதான் தொடரும் என்று சொல்லிவிட்டார். கயிறு ஜெயித்தது.

நான்கே வருடம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. படியெல்லாம் ரத்தம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள். வெட்டியவர்கள் யாருடைய பெயரிலும் வாலில்லை ஐயா, அப்பழுக்கில்லாத இனிஷியல் பெயர்கள்! அதன் பிறகுதான் சந்துரு குழு. 2024 ஜூனில் அறிக்கை. சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று எழுதியிருந்தார். உடனே பொங்கினார்கள். சென்னை மாமன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் அறிக்கையின் நகலைக் கிழித்தே போட்டார். அந்தப் பிள்ளையின் கை வெட்டுப்பட்டபோது வராத கோபம், கையில் கட்டிய கயிற்றைத் தொட்டதும் வந்துவிட்டது.

இதற்கிடையே வாலும் திரும்பி முளைக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தாவுக்கு மட்டும் பட்டம் போட்டால் போதும், பேரனின் சாதி தெரிந்துவிடும். கார்க் கண்ணாடியில் 'ஆண்ட பரம்பரை' என்று ஒட்டிக்கொண்டு மாதத் தவணை கட்டுகிறவனைப் பார்க்கிறோம். எல்லோருமே ஆண்ட பரம்பரை என்றால் அப்போது ஆளப்பட்டவன் யார், அரண்மனையில் சாணி அள்ளியவன் யார் என்று எந்த ஸ்டிக்கரும் சொல்வதில்லை. கேரளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிற கதாநாயகிகள் மேனன், நாயர், ஐயர் என்று வாலோடு இறங்கினால் அது நமக்கு ஸ்டைல். வரன் தேடும் விளம்பரத்தில் 'சாதி தடையில்லை' என்று முற்போக்கு முழங்கும், அடைப்புக்குறிக்குள் 'எஸ்.சி., எஸ்.டி. தவிர' என்று மூன்று சொல் நிற்கும். சாதியில் நம்பிக்கையில்லாதவர்களின் சாதி அந்த அடைப்புக்குறிக்குள் வாழ்கிறது.

வெளிநாட்டுக்காரர்கள் பாவம், இந்த நுணுக்கமெல்லாம் அறியாதவர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் சுற்றுலா விசா கிடையாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார்கள். நம் ஆட்கள் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, விமான நிலையத்தில் "மிஸ்டர் மாடசாமி" என்று ஒலிபெருக்கி கூப்பிட, ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பனுக்குப் பதிலாக எழுந்து ஓடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. ஊரில் 'மாடா' என்று வெட்டிய பெயரை, முழுசாக, மரியாதையோடு, மைக்கில் அறிவிக்கிற ஒரே இடம் இப்போதைக்கு அந்நிய விமான நிலையம்தான்.

2025 ஜூலையில் திருநெல்வேலியில், பாளையங்கோட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மென்பொறியாளரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக, அந்தப் பெண்ணின் தம்பி செய்தார் என்பது வழக்கு. இறந்தவர் பெயரில் சாதி இல்லை. கைதானவர் பெயரிலும் சாதி இல்லை. 1929 தீர்மானத்தை இருவர் வீட்டிலும் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்கள்.

இத்தகைய கொலைகளைத் தடுக்க மத்திய சட்ட ஆணையம் 2012-இலேயே தன் 242-ஆவது அறிக்கையில் வரைவுச் சட்டமே எழுதிக் கொடுத்தது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் வரும்வரை போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக வழிகாட்டியது. அரிவாள் இரண்டையும் படிக்கவில்லை. 2025 அக்டோபரில், தெருப் பெயர்களுக்கு அரசாணை வந்த அதே மாதம், தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது: ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்படும். பெயர்ப்பலகைக்குக் கெடு வைத்தார்கள். கொலைக்கு ஆணையம் வைத்தார்கள்.